இறங்காத சார்ஜ்

மாமா,

இன்று அக்கா உங்கள் பாட்டுப் பெட்டியைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். தீப்பெட்டி அளவுதான். "நீதான கூட போய் வாங்கித் தந்தே, நீயே வெச்சுக்கோ" என்றாள். காதில் மாட்டும் பஞ்சில் உங்கள் தேங்காய் எண்ணெய் வாசனை இன்னும் போகவில்லை.

டயாலிசிஸ் தொடங்கிய மூன்றாவது மாதம் அது. வாரத்தில் மூன்று நாள், நாலு நாலு மணி நேரம் படுக்க வேண்டும். ஊசி குத்திய இடது கை அசையக் கூடாது. ஒரு நாள் விட்டாலும் உடம்பில் நீர் தேங்கிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். போனிலேயே பாட்டுக் கேட்கலாமே என்றேன். "வேணாம்மா. நடுவுல எவனாவது கூப்பிட்டு, இப்ப எப்படி இருக்குதும்பான்" என்றீர்கள்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில், "இது ஓடுறவங்களுக்கு சார், கையில கட்டிக்கலாம். இது தண்ணியில விழுந்தாலும் ஒண்ணும் ஆகாது" என்று கடைக்காரர் அடுக்கினார்.

"எங்க மாமா ஓடவும் மாட்டாரு, நீந்தவும் மாட்டாரு. படுத்துக்கினே பாட்டு கேக்குற ஜமீன்தாரு. ஒத்தக் கையில அமுக்குறாப்ல பட்டன் வெச்சது குடுப்பா" என்றேன். கடையே சிரித்தது. நீங்கள் மட்டும் ஒவ்வொன்றாகக் காதில் மாட்டி, வெளியே பஸ் ஹாரன் கேட்கிறதா என்று பார்த்தீர்கள். காதை முழுசாக அடைப்பதைத்தான் எடுத்தீர்கள். தெருவுக்கு வந்த பிறகு சொன்னீர்கள்: "ரத்தம் குழாயில ஓடுறத கண்ண மூடிக்கினா பாக்க வேணாம். அந்த மெஷின் சத்தத்துக்குத்தான்மா வழி இல்ல."

"நாப்பது வருசம் தறிச் சத்தத்துல உக்காந்த காதுக்கு இதெல்லாம் ஒரு சத்தமா மாமா?" என்றேன். மச்சினிச்சி கேலி செய்யாமல் வேறு யார் செய்வார்கள்?

ஞாயிறுதோறும் பாட்டு மாற்ற என்னிடம் தருவீர்கள். சார்ஜ் சுத்தமாக இறங்கித்தான் வரும். ஆடி மாதம் ஒரு ஞாயிறு, நான் ஏற்றிக் கொடுத்த சார்ஜ் நாலு கோடாக அப்படியே நின்றது. "என்ன மாமா, இப்பல்லாம் நர்சம்மாவே பாடுறாங்களா?" என்றேன். "ஆமாம்மா, நல்ல குரலு" என்றீர்கள். அக்கா சிரித்தாள். உங்கள் கால் செருப்புக்குள் நுழையாமல் வீங்கியிருந்தது. "யானை வாகனம் பொறப்பட்டாச்சு" என்று அதையும் விடவில்லை நான்.

அடுத்த ஞாயிறும் நாலு கோடு. டிபன் டப்பாவும் பையுமாக மூன்று நாளும் காலையில் கிளம்பிப் போனவர், எங்கே போய் உட்கார்ந்திருந்தீர்கள்? அக்கா சமையல்கட்டில் இருந்தாள். நான் பெட்டியைப் பார்த்தேன், உங்களைப் பார்த்தேன்.

"இன்னாம்மா, இன்னிக்கு ஒண்ணும் இல்லியா?" என்றீர்கள் மெதுவாக. "ஏதாச்சும் கேலி பண்ணும்மா."

பண்ணினேன், மாமா. என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. நீங்கள் சிரித்தது இருக்கிறது. புதன்கிழமை விடியலில் மூச்சு முட்டியது. ஆட்டோ ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை.

வருகிறவர்களிடம் எல்லாம் அக்கா இன்னும் சொல்கிறாள்: "ஒரு நாள் தவறாம போனாரும்மா. அப்படியும் போயிட்டாரு. வேணும்னா இவளக் கேளுங்க." எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள். ஊருக்கே வாய் காட்டுகிறவள் நான், "ஆமா, ஒரு நாள்கூட தவறல" என்று சொல்லிவிட்டுக் காபி போட எழுந்து போகிறேன்.