வந்தது சாமி அல்ல

இன்று மாலை தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கமிருந்து தோல் சூடேறும் வாடை வந்தது. திருவிழாவுக்காகத் தென்னோலையைக் கொளுத்திப் பறை காய்ச்சுகிறார்கள். அரிசி களைந்துகொண்டிருந்தேன். பானையைக் கீழே வைத்துவிட்டு உன்னை நினைத்துக்கொண்டேன்.

நம் குவாலா சிலாங்கூர்த் தோட்டத்துக் கோயிலில் அந்த வருஷம் தீமிதியன்று நடந்ததை நீ மறந்திருக்கமாட்டாய். பறை முழங்கியதும் எனக்கு நெஞ்சு படபடத்தது, மூச்சு முட்டியது, உடம்பெல்லாம் ஆடியது. "கிராணியம்மாவுக்குச் சாமி வந்திருச்சு" என்று கூட்டம் தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தாவின் மனைவியான என்னை விட்டு விலகியது. ஒருத்தி காய்ச்சலில் துவண்ட குழந்தையை என் காலடியில் கிடத்தி, "தாயே, எம்புள்ள பொழைக்குமா, வாய் தொறந்து சொல்லு" என்று அழுதாள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசரின் மனைவி, பக்கத்து வீட்டுக்காரியான நீதான் என் தோளைப் பிடித்து, காதோடு கேட்டாய்: "ஏ புள்ள, சாமியா, பயமா?"

"பயந்தான்" என்றேன். எல்லார் காதிலும் விழுந்தது. நீ அந்தத் தாயிடம், "எங்க வீட்டுக்காரர்ட்ட தூக்கிட்டு ஓடு ஆத்தா, மருந்து தருவாரு" என்றாய். குழந்தை பிழைத்தது.

"கிராணி பொண்டாட்டிக்குச் சாமியப் பாத்தா பயமாம்" என்று எவனோ சொல்ல, சிரித்தார்கள். வெள்ளிக்கிழமை விரதம் தவறாதவள் நான். அம்மனை நம்புகிறவளுக்கு ஏன் பயம் என்று கூனிக் குறுகிப்போனேன்.

மறுநாள் கிணற்றடியில் நீ விடவில்லை. "கற்பூரத்துக்கு நடுங்கல, தீயப் பாத்தும் நடுங்கல. பறை கேட்டதுந்தான் நடுங்குன. போன மழையில காய்ச்சல் கண்டு செத்த பொணமெல்லாம் பறையடிச்சு உன் வாசல் வழியாத்தானே போச்சு? உன் மவனும் அப்பக் காய்ச்சல்ல கெடந்தான். ஒவ்வொரு பறைக்கும் அடுத்தது நம்ம வீடுன்னு நெனச்சிருப்ப." வாளியை இறக்கிவிட்டு, "பட்டினி வயித்துல கருப்புக் காப்பி வேற. நெஞ்சு அடிச்சுக்காம என்ன செய்யும்?" என்றாய்.

வீட்டுக் கணக்கை ஒரு காசு பிசகாமல் எழுதுகிற எனக்கு இது தோன்றவே இல்லை. அதன்பின் விரத நாளிலும் கஞ்சி குடித்தேன். நடுக்கம் குறைந்தது, விட்டுப்போகவில்லை.

அடுத்த மழையில் காய்ச்சல் உன்னையே கொண்டுபோனது. உன் வாசலில் பறை எழுந்தது. நான் கதவைச் சாத்திக்கொண்டு, காதைப் பொத்தியபடி அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். "கூடப் பொறந்தவளாட்டம் இருந்தாளே, எட்டிக்கூடப் பாக்கல பாரு" என்று பெண்கள் பேசிக்கொண்டு போனார்கள். பொத்திய காதிலும் அது கேட்டது.

பறையென்றால் பயம் என்று இப்போது யார் கேட்டாலும் சொல்லிவிடுகிறேன். எதனால் என்பதையும் நீ சொன்னபடியே சொல்கிறேன். உன் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்க வராததைப் பற்றி மட்டும் பேச நாக்கு எழவில்லை. அம்மன் முன்னால் நிற்கும்போதும் அந்த நினைப்பில்தான் தலை குனிகிறது.