நாயக்கர் வீட்டு உத்திரம்

ஆனி 22, செவ்வாய். இராஜபாளையம்.

விடிந்ததிலிருந்து சாரல். மலை தெரியவில்லை. பருத்தி மூட்டைகளை நனையாமல் உள்ளே தள்ளியதில் முதுகு விட்டுப்போயிற்று. தைலம் வாங்க வேண்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் வீடு படிந்துவிடும் போலிருக்கிறது! மூன்று அறை, முற்றம், மொட்டை மாடி, பின்னால் சொந்தக் கிணறு. கல்யாணமான நாள் முதல் வாடகை வீட்டில் வரிசை பார்த்துத் தண்ணீர் இறைத்தவள் ஞானம். கிணறு என்றதும் அடுப்பில் இருந்ததை மறந்துவிட்டாள்.

விற்பவர் சீனிவாச நாயக்கர். கோர்ட்டு குமாஸ்தா வேலையிலிருந்து ஓய்வு. மதுரையில் மகனோடு போய் இருக்கப்போகிறார். பத்திரம் மட்டும் ஆடிக்கு முன் முடியவேண்டுமாம், சாவி ஆவணியில் தருவாராம். ஏனென்று நான் கேட்கவில்லை.

"ஆடி பொறந்துட்டா பத்திரம் கித்திரம்னு பேசப்படாது. உமக்கென்ன, நீர் வேதக்காரர், சர்ச்சுக்குப் போறவர்."

"எனக்கு எந்த மாசமும் ஒண்ணுதான் நாயக்கரே. மெதுவாப் பாப்போம்."

பொய். நாளை வரைகூடப் பொறுக்காது. ஆனால் வாங்குகிறவன் அவசரத்தை முகத்தில் காட்டினால் தொலைந்தான். அச்சாரம் கொடுத்தாயிற்று.

ஆனி 24, வியாழன்.

கொத்தனார் மாடசாமியோடு போய் வீட்டைச் சோதித்தேன். மாடியில் தண்ணீர் போகும் தூம்புகளைச் சாக்கும் களிமண்ணும் வைத்து அடைத்து, கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் கட்டினோம். நாளை வரை நிற்கட்டும், ஒழுகினால் தெரிந்துவிடும்.

நாயக்கர் கீழிருந்து கத்தினார்: "வீடு வாங்க வந்தீரா, தெப்பம் விட வந்தீரா?"

மாடசாமிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

கீழே மேற்கு அறை. ஒரு சுவரில் மட்டும் புதுச் சுண்ணாம்பு. விற்கிறவன் காட்டுகிற பக்கத்தை விட்டு நடுமூட்டைக்குள் கையை விட்டுப் பார்ப்பதுதான் என் தொழில். மூட்டையைக் குத்திப் பார்க்கிற குத்தூசியை மடியில் கொண்டுபோயிருந்தேன். முக்காலியில் ஏறி, உத்திரம் சுவருக்குள் போகிற இடத்தில் குத்தினேன். பிடி வரை போயிற்று! இழுத்தால் பொடிப்பொடியாக மண். கறையான்.

எனக்கு ஒரே குஷி. பிடித்துவிட்டேன் அல்லவா.

ஆனி 25, வெள்ளி.

மாடியில் ஓரிடத்தில் மட்டும் கசிவு. என் நிபந்தனை: உத்திரம் புதுசு, கசிவில் புதுத்தளம், இரண்டும் பத்திரத்துக்கு முன், அவர் செலவில்.

"விலையில கொறச்சுக்கிடும். சுவத்துல கை வைக்க மாட்டேன்."

"விலை கொறஞ்சா உத்திரம் நிக்குமா?"

"ஏலாதுன்னா ஏலாது."

வில்லங்கம் ஏதும் இல்லை என்று பதிவு ஆபீசில் ஏற்கெனவே பார்த்தாயிற்று. பிறகென்ன பிடிவாதம்? ஏமாற்றுக்காரர் என்று சொல்லிவிட்டேன். அச்சாரத்தைக் கேட்டேன். உள்ளே போய் எடுத்துவந்து கையில் வைத்தார்.

பஸ்ஸில் வாய் கசந்தது. ஞானம் சாப்பிடச் சொன்னாள்.

ஆனி 27, ஞாயிறு.

கோவில் பூசை முடிந்ததும் ஞானம்: "கெடைக்காட்டிப் போகுது, கண்ணால ஒருக்கப் பாத்துட்டு வாரேன்." கூட்டிப்போனேன். நாயக்கர் வீட்டம்மா அவளை உள்ளே அழைத்துப்போனார். செத்த நேரத்தில் வெளியே வந்தாள்.

"ஏங்க, ரெண்டு மூணு தடவ வந்திருக்கீக. உள்ள மாசமா ஒரு பிள்ள இருக்கது கண்ணுல படலியா? நாயக்கர் மக. ஒம்பதாம் மாசம். எந்த அப்பன் சுவத்தை இடிப்பான்?"

சுரீரென்றது. வயிற்றுப்பிள்ளைக்காரி இருக்கிற வீட்டில் ஆணிகூட அடிக்கமாட்டோம். ஞானம் மூத்தவனைச் சுமந்தபோது என் தாயார் கதவுக்குக் கீல் மாற்ற விட்டாளா? வேதக்காரர் வீட்டிலும் அப்படித்தான்.

நாயக்கரிடம் கேட்டேன், ஏன் சொல்லவில்லை என்று.

"பொம்பளப் பிள்ளை வயித்தைக் காட்டி வீட்டுக்கு வெல பேசச் சொல்லுதீரா?"

"அந்தச் சுண்ணாம்பு?"

"அது மறைக்கத்தான் அடிச்சேன். தப்புத்தான்."

நல்ல மனுஷன். பொய்யையும் நேராகச் சொல்கிறார். அச்சாரம் திரும்ப அவர் கையில்.

ஆனால் அந்தப் பிள்ளை படுப்பது மேற்கு அறையில். அந்த உத்திரத்துக்கு நேர் கீழே. அங்கேதான் காற்று வருகிறதாம்.

ஆனி 28, திங்கள்.

கடையைப் பூட்டிவிட்டுப் போனேன். இரண்டு பனங்கட்டை, மாடசாமி, நான். உத்திரத்துக்கு முட்டு. ஆணி கூடாது, உளி கூடாது. ஆப்புக்கு அடியில் ஈரச்சாக்கை வைத்துக் கையாலேயே அழுத்தி நெருக்கினோம். நாயக்கர் வீட்டம்மா பக்கத்திலேயே காவல்.

"தட்டாதீக, தட்டாதீக!"

"தட்டாம முட்டுக் கொடுக்க நான் என்ன மந்திரவாதியா ஆச்சி?" இது மாடசாமி.

முடிந்ததும் அந்தப் பெண் நிலையோரமாக நின்று, "மாமா, இனி விழாதுல்ல?" என்றாள்.

"விழாது தாயி."

கட்டை, கூலி எல்லாம் என் கைக்காசு. "இன்னும் வாங்காத வீட்டுக்கு முட்டுக் கொடுத்த வியாபாரி நீங்க ஒருத்தருதான்" என்று ஞானம் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். எனக்கும் சிரிப்புத்தான் வருகிறது.

ஆனி 31, வியாழன்.

பதிந்தாயிற்று! வீடு எங்களுடையது!

பத்திரம் எழுதுகிறவர் வாசித்தார். உத்திரமும் மாடித் தளமும் விற்பவர் செலவில், பிள்ளை பிறந்து முப்பது நாள் கழிந்த பின். அதற்குப் பிறகே சாவி. சரி. அடுத்து இன்னொன்று வாசித்தார்: கிணற்றின் கிழக்குச் சுவரில் உள்வெடிப்பு, அதுவும் விற்பவர் செலவில்.

"நாயக்கரே, இதை நான் கேக்கலியே?"

"நீர் பாக்கல. தண்ணி நெறஞ்சு கெடந்தாத் தெரியாது. எழுதச் சொன்னது நான்தான்."

இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். ஞானம் முதலில் கேட்டது: "எனக்காகத்தான் வாங்குன கெணறு. அதை எட்டிக்கூடப் பாக்கலியா?"

பார்த்தேன். அன்றைக்கு உள்ளே தண்ணீரில் என் முகம் தெரிந்தது. சொந்தக் கிணறு என்ற சந்தோஷத்தில் அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன்.