ஏழாவது சாட்சியில் ஒரு திருத்தம்

மார்ச் 3, செவ்வாய்

தம்பிக்குக் கணையத்தில் இருந்தது கல்லீரலுக்கும் பரவிவிட்டது. சொன்னவர் புற்றுநோய் மருத்துவர்; காலை 11.10க்கு, ஸ்கேன் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு. "எத்தனை நாள்?" என்றேன். "மூணு வாரம். குறையவும் செய்யலாம்."

முப்பத்தோரு வருடம் நீதிமன்றச் செய்தி எழுதியவள் நான். தீர்ப்பு வாசிக்கும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியும். தம்பி லிஃப்ட் மெக்கானிக். "ரோப் தேஞ்சுபோச்சு, அவ்வளவுதானே டாக்டர்?" என்றான். மருத்துவர்தான் தலையைக் குனிந்துகொண்டார்.

மார்ச் 5, வியாழன்

சாவு அவனுடைய பயம் இல்லை. இன்றுதான் தெரிந்தது. தம்பி மனைவி சமையலறைக்குள் இழுத்துப் போய்ச் சொன்னாள்: "மூணு தடவை திருவிருந்து வேண்டாம்னுட்டார் அண்ணி. போதகர் அப்பமும் திராட்சரசமும் வீட்டுக்கே கொண்டுவந்தார். வாயைத் திறக்கலை."

அவனிடமே கேட்டேன். "ஏண்டா?"

"நான் தெரிந்துகொள்ளப்பட்டவன் இல்லேக்கா."

இருபத்திரண்டு வருடம் ஞாயிறு பள்ளியில் அவன் நடத்திய பாடம் இது. இரட்சிப்பு நம் செயலால் வருவதில்லை, கிருபையால் வருகிறது. உலகம் உண்டாகும் முன்பே தேவன் தம்முடையவர்களைத் தேர்ந்தெடுத்துவிட்டார்; அவர்கள்தான் 'தெரிந்துகொள்ளப்பட்டவர்கள்'. "லிஃப்ட்ல மேல போறவன் தன் கால் பலத்துலயா போறான்?" என்று கேட்பானாம். பிள்ளைகள் சிரிப்பார்களாம். இப்போது அந்த லிஃப்ட் தன் மாடியில் நிற்கவே போவதில்லை என்கிறான்.

"ஜெபம் பண்ணா சுவர்கிட்ட பேசற மாதிரி இருக்கு. பாவம் செஞ்சா மன்னிப்பு கேக்கலாம். பட்டியல்ல பேரே இல்லேன்னா எங்க அப்பீல் போடறது? கோர்ட்டுலயே கிடந்தவதானே நீ, சொல்லு."

நான் ஆலயத்துக்குள் கால் வைத்து இருபத்தேழு வருடம் ஆகிறது.

மார்ச் 8, ஞாயிறு

ஆராதனை முடிந்து போதகர் வந்தார். "இப்படிக் கலங்குறதே அடையாளம் தம்பி. அவருடையவனா இல்லேன்னா இந்தக் கவலையே வராது."

"இதே பதிலைத்தான் நானும் கிளாஸ்ல சொல்லுவேன் பாஸ்டர்" என்றான் தம்பி. மரியாதையாகத்தான் சொன்னான். போதகர் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

மார்ச் 9, திங்கள்

எனக்குத் தெரிந்தது ஒரே வேலை. ஆதாரம் சேர்ப்பது.

மார்ச் 13, வெள்ளி

ஒன்பது பேர். அவன் யாருக்கெல்லாம் என்ன நன்மை செய்தான் என்று ஐந்து நாள் அலைந்து குறித்திருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் இரண்டாவது ஆளிடம் உறுதி வாங்கினேன். ஒருவர் மட்டும் சொன்னதை நான் என்றைக்கும் அச்சுக்கு அனுப்பியதில்லை. ஏழாவது சாட்சி, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. மின்வெட்டில் மூன்று மணி நேரம் லிஃப்டில் மாட்டிக்கொண்டவர். "உங்க தம்பிதான் இறக்கினார். அவர் இல்லேன்னா நான் இல்லை." கட்டடக் காவலாளியும் அதையே சொன்னார்.

மார்ச் 14, சனி

படித்துக் காட்டினேன். ஒன்பதையும். முடிக்கும் வரை கேட்டான். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நான் செஞ்சதைப் பொறுக்கிட்டு வந்திருக்கே. அப்போ உனக்கும் வேற ஒண்ணும் கிடைக்கலை."

ஐயோ — என்ன காரியம் செய்தேன்! எதைக் கொண்டு பிழைக்க முடியாது என்று ஆயுசு முழுக்க நம்பினானோ, அதையே ஒன்பது பக்கம் எழுதிக் கொண்டுபோய் அவன் தலைமாட்டில் வைத்தேனே. எனக்கு மூளை எங்கே போச்சு?

மார்ச் 15, ஞாயிறு

இன்னும் சுவர்ப்பக்கம்தான். தண்ணீர் மட்டும், ஸ்பூனால்.

மார்ச் 17, செவ்வாய்

மத்தியானம் திடீரென்று, "ஏழாவது தப்பு" என்றான்.

"ரெண்டு பேர் சொன்னாங்கடா."

"ரெண்டு பேருக்கும் தெரியாது. நான் மேல மெஷின் ரூம்ல இருந்தேன். லிஃப்டைக் கையால இறக்க பிரேக்கை விடுவிக்கிற லீவர் இறுகிப்போச்சு, அசையவே இல்லை. தோளு விட்டுப்போய்த் தரையில உக்காந்துட்டேன். கரண்ட் வந்துச்சு. லிஃப்ட் தானா இறங்கிடுச்சு." மூச்சு வாங்கினான். "லீவரைத் தொடறதுக்கு முன்னாடி மெயினை ஆஃப் பண்ணணும், அதான் விதி. பண்ணியிருந்தா கரண்ட் வந்தும் அது நகர்ந்திருக்காது. மறந்துட்டேன். கீழே வந்தா அந்தம்மா என் கையைப் பிடிச்சு அழறாங்க. நான் வாயே திறக்கலை. நன்றியை வாங்கிட்டு வீட்டுக்கு வந்துட்டேன்."

"இத்தனை வருஷமா சொல்லலையே?"

"சொன்னா வேலை போயிருக்கும்." சிரிக்கப் பார்த்தான், இருமல் வந்தது.

நோட்டில் அடித்து எழுதினேன். திருத்தம்: ஆசிரியையை இறக்கியவர் லிஃப்ட் மெக்கானிக் என்று எழுதப்பட்டிருந்தது. அவர் இறக்கவில்லை. தவறுக்கு வருந்துகிறேன்.

மார்ச் 18, புதன்

காலையில் அவனே கேட்டான். "அந்த டீச்சர் சொன்னதை நீ சரிபண்ணாம, அவங்க வாயில வந்தபடி படி."

ஆசிரியையைச் சந்தித்த அன்று எழுதிய குறிப்பை எடுத்தேன். "கத்தினேன், கதவைத் தட்டினேன், எல்லா பட்டனையும் அழுத்தினேன். கடைசியில முடியாம கீழே உக்காந்துட்டேன். உக்காந்த பிறகுதான் அது நகர்ந்தது. கதவு திறந்தது, வெளியே வந்தேன்."

"திரும்பப் படி."

மூன்று தடவை படித்தேன். கண் மூடியிருந்தது. கேட்டுக்கொண்டிருந்தானா, மயங்கிவிட்டானா, தெரியவில்லை. வெகு நேரம் கழித்து மனைவியிடம், "தாடி குத்துது. நாளைக்குக் காலையில எடுத்துவிடு" என்றான். நானும் அவளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். திருவிருந்துக்குப் போகிற காலையில் அவன் சவரம் செய்யாமல் கிளம்பியதில்லை. தாடி குத்துகிறது, அவ்வளவுதான். அதற்கு மேல் எழுத எனக்கு ஆதாரம் இல்லை.

போதகருக்கு நானே போன் செய்தேன். நாளை காலை பத்து மணிக்கு அப்பமும் ரசமும் எடுத்து வருகிறார். "வாங்கிக்குவாரா?" என்று கேட்டார். உறுதியில்லை என்றேன். விழுங்க முடியுமா என்பதும் உறுதியில்லை. வார இறுதியைத் தாண்டுவது கடினம் என்று மருத்துவர் இன்று சொல்லிவிட்டார்.

பத்து மணி வரை எழுத ஒன்றும் இல்லை.