கொரினுக்கு ஒரு பள்ளிக்கூடம்

1987 மார்ச் 3, செவ்வாய்
மகள் கொரினின் மதிப்பெண் அட்டை வந்தது. எல்லாவற்றிலும் ‘திருப்தி’. கீழே ஒரு வரி: ‘அமைதியான, தொந்தரவு தராத பெண்.’ ஒன்பது வயது, காது கேட்காது. வேறு எப்படி இருப்பாள்? டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் உதடு மறைந்துவிடும். அதோடு பாடம் முடிந்தது அவளுக்கு.

மார்ச் 19
வேலை பார்க்கும் உணவகத்தில் கெஞ்சி அரைநாள் விடுப்பு. தலைமையாசிரியர் ஹால்வர்சனை மூன்றாவது முறையாகப் பார்த்தேன். சைகையில் பாடம் நடத்தும் விடுதிப் பள்ளி இருநூறு மைல் தள்ளி இருக்கிறது. கல்வி மாவட்ட அலுவலகம் சம்மதித்தால்தான் இடம்.

“பாஸ் பண்றாளேம்மா, இன்னும் என்ன வேணும்?”

“நேத்து வகுப்புல என்ன நடந்துச்சுன்னு அவளையே கேளுங்க சார்.”

கேட்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார்.

ஏப்ரல் 8
மாவட்ட அலுவலகத்துக்கு இன்னொரு கடிதம் போட்டேன். கால் வலி. படுக்கிறேன்.

மே 12
கொரினை அங்கே அனுப்புவது பற்றி ஜூன் நான்காம் தேதி விசாரணை. என் கணவன் டேல் தட்டைத் தள்ளிவைத்தான்.

“வாரம் பூரா பிள்ள இல்லாத வீட்ல எப்படி இருப்ப? கைபாஷை கத்துக்கிட்டு வந்து நம்மகிட்ட என்னத்தப் பேசுவா?”

“இப்ப மட்டும் என்ன பேசுறா?”

எழுந்து தட்டைக் கழுவினேன். நான் செய்றது சரிதானா? பெத்தவன் கேக்குறதுலயும் நியாயம் இருக்கே—

ஜூன் 4
மேசைக்கு அந்தப் பக்கம் ஹால்வர்சனையும் சேர்த்து ஐந்து பேர். இந்தப் பக்கம் நானும் கொரினும். பேசுகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

“பாருங்க, எவ்வளவு சந்தோஷமா இருக்கா!” என்றார் ஹால்வர்சன்.

ஒரு தாளில், ‘இங்கே என்ன பேசுகிறார்கள்?’ என்று எழுதி அவளிடம் நீட்டினேன். வெகுநேரம் யோசித்து அடியில் எழுதினாள்: ‘நான் என்ன தப்பு செய்தேன்?’

தாளை அவர்கள் பக்கம் நகர்த்தினேன். ஐந்து பேரும் படித்தார்கள். பிறகு நான் எதுவும் பேச வேண்டியிருக்கவில்லை.

ஜூன் 22
அனுமதிக் கடிதம் வந்துவிட்டது. அடுப்படியில் நின்றே அழுதேன். “இதுக்குத்தானே ஆசப்பட்ட?” என்றான் டேல். ஆமாம். இதற்குத்தான்.

செப்டம்பர் 6
கொரினைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்தோம்.

அக்டோபர் 16, வெள்ளி
பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே கொரினுக்கு முகம் சிவந்திருந்தது. கைகள் படபடவென்று ஓடின. புத்தகம் பார்த்துக் கொஞ்சம் சைகை பழகியிருந்தும் எனக்குப் பாதிகூடப் புரியவில்லை. மெதுவாக, மெதுவாக என்று கெஞ்சி, மூன்றாம் தடவையில்தான் பிடிபட்டது. அறைத்தோழி டெஸ் இவள் படுக்கையில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றாளாம். இவள் திட்ட, அவள் திருப்பித் திட்ட, ஒரே ரகளையாம்.

“என்ன சொல்றா?” என்றான் டேல்.

“சண்டையாம்.”

இத்தனை வயதில் அவள் போட்ட முதல் சண்டை. டெஸ்ஸோடு இனி ஜென்மத்துக்கும் பேச மாட்டாளாம்.

ஞாயிற்றுக்கிழமை சீக்கிரமே பள்ளிக்குக் கொண்டுபோய் விட வேண்டுமாம்.