குங்குமம் பட்ட அலுமினியம்

“டீச்சரக்கா, குங்குமம் அலுமினியத்தைத் தின்னுமா?”

இறக்கைக்கடியில் நீண்ட ஏவுகணைகளைச் சுமந்து எழும் போர் விமானத்தின் படம் இன்றைய செய்தித்தாளில் வந்திருந்தது. பார்த்ததும் உன் அந்தக் கேள்விதான் காதில் விழுந்தது. சிங்கப்பெருமாள் கோவிலில் ஷேர் ஆட்டோ ஏறி, நான் பள்ளிக்கும் நீ வல்லம் வடகால் தொழிற்பேட்டைக்கும் போய்க்கொண்டிருந்த காலம். ஆயுத பூஜை விடுமுறை முடிந்த காலை.

தரப் பரிசோதனைப் பொறுப்பு உனக்குப் புதிது. ஏவுகணையின் வால் துடுப்பைத் திருப்பும் தண்டு சுழல்வதற்கான சிறு அலுமினியக் கூடுகள் உங்கள் கம்பெனிக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை. பூஜையில் மெஷின்களுக்குப் பொட்டு வைத்தவர்கள், தட்டில் அடுக்கியிருந்த கூடுகள் சிலவற்றுக்கும் ஆசையாகச் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டார்கள். விடுமுறை முடிந்த அன்றே வாங்குபவரின் பரிசோதகர் வருகிறார்.

“குங்குமத்துல மஞ்சளோட சுண்ணாம்பும் கலந்திருக்கும். ஈரம் பட்டா அலுமினியத்தை அரிக்கும். துடைச்சாலும் அரிச்ச குழி போகாது” என்றேன்.

“துடைச்சுட்டு கம்முனு இருன்றாரு சூப்பர்வைசர். ஆர்டர் போச்சுன்னா லைனையே மூடிடுவாங்க. அத்தினி பேரு வேலையும் போயிடும்க்கா.”

ஆட்டோக்காரர் திரும்பினார். “இன்னாக்கா, சாமி பொட்டையா அழிக்கப் போறீங்க?”

“நீ ரோட்டப் பாருண்ணா. சாமி கோச்சிக்காது, மிஸைல் கோச்சிக்கும்” என்றாய் நீ.

அந்த ஏவுகணையை நாம் எத்தனை பயணங்களில் வியந்திருக்கிறோம்! உயரத்தில் விரையும் விமானமே அதன் வேகத்தில் ஒரு பங்கைக் கொடுத்துவிடுகிறது. பெரும்பாலானவற்றில் எரிபொருள் சில நொடிகளில் தீர்ந்துவிடும். மீதித் தூரம் முழுவதும், மேம்பாலத்திலிருந்து மிதிக்காமல் இறங்கும் சைக்கிள்போல, சேர்த்த வேகத்தில்தான் போகும். வழியில் விமானம் இலக்கின் இடத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும்; நெருங்கியதும் ஏவுகணை தன் ரேடார் கண்ணைத் தானே திறந்துகொள்ளும். வீணாகத் திரும்பும் ஒவ்வொரு முறையும் வேகம் குறையும், திரும்பக் கிடைக்காது. துடுப்பு சிக்காமல் சுழல வேண்டும். அதுவும் வருடக்கணக்கில் கிடங்கில் காத்திருந்துவிட்டு, பறக்கும் ஒரே முறையில்.

ஒரகடம் திரும்பும்போது நீ முடிவு செய்துவிட்டாய். “மேல போய் யாருக்கா துடைக்கறது? சொல்லிடறேன்.”

சாயங்காலம் என் பக்கத்தில் வந்து பொத்தென்று உட்கார்ந்தாய். பரிசோதகர் வாய் திறப்பதற்கு முன்பே சொல்லிவிட்டாயாம். அவர் பொட்டு வைத்தவற்றை உடைக்கச் சொல்லி ஒதுக்கிவிட்டு, மற்றவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து எடுத்துக்கொண்டாராம்.

“ஆர்டர்?”

“கீது! ‘நீ கையெழுத்துப் போட்டா நான் பாதி நேரந்தான் பாக்கணும்’ன்றாரு. சூப்பர்வைசரு மூஞ்சியப் பாக்கணுமே!” நீ சிரித்தாய். சிரித்தபடியே அழுதாய்.

பிறகொரு மழைக்காலத்தில் காய்ச்சலென்று படுத்த நீ எழுந்திருக்காமலே போய்விட்டாய். வல்லம் வடகாலில் அந்த லைன் இன்றும் ஓடுகிறது. எனக்கென்று நீ விட்டுப்போனது, தவறை யாரும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடும் பழக்கம். கூச்சமாக இருக்கும் நாட்களிலும் அதைக் கைவிடுவதில்லை.

சில சிறு கூடுகளுக்காக நீ ஏன் அத்தனை பேரின் வேலையைப் பணயம் வைத்தாய் என்று இதைப் படிப்பவர்கள் கேட்கலாம். அவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: ஆளில்லாத சாலையில் பைக்கின் பின்னால் உட்கார்ந்து போகும்போது, உள்ளங்கையைத் தட்டையாகக் காற்றில் நீட்டி, மிக லேசாகச் சாய்த்துப் பாருங்கள்; அந்தச் சிறு சாய்வுக்கே கை எகிறும், ஏவுகணையின் துடுப்பும் அப்படித்தான்.