விற்க முடியாத பங்குக்கு வரி

தம்பி,

எழுப்பினால் கத்திவிடுவேன், அதனால் எழுதிவைத்துவிட்டுப் போகிறேன். சாப்பாடு மேசையில் மூடியிருக்கிறது.

கம்பெனி சலுகை விலையில் பங்கு தருகிறது என்று புது வீட்டு முன்பணத்தை எடுத்து வாங்கியிருக்கிறாய். சந்தை மதிப்புக்கும் நீ கொடுத்த விலைக்கும் உள்ள வித்தியாசம் சம்பளமாகத்தான் கணக்காகும். அதற்கான வரியில் இந்த மாதச் சம்பளமே போய்விட்டது. பங்கையோ இரண்டு வருஷத்துக்கு விற்க முடியாது.

நேற்றுக் கேட்டால், “வித்தாத்தானே அக்கா வரி? கேன்டீன்ல எல்லாரும் அப்படித்தான் சொன்னாங்க” என்கிறாய். பத்து வருஷமாக ஊரார் வரிக் கணக்கை எழுதுகிறவள் பக்கத்து அறையில்தான் தூங்குகிறேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்க உனக்கு வாய் வரவில்லை. கம்பெனி தரும் இந்தப் பங்குச் சலுகைக்குப் பெயர் விருப்ப உரிமையாம். யாருடைய விருப்பத்தைக் கேட்டாய்?

பதினோரு மணிக்குப் புது வீட்டுக்காரர் சாவியோடு வருவார். முன்பணம் இல்லை என்று நீயே அவர் முகத்தைப் பார்த்துச் சொல். நான் போனை எடுக்க மாட்டேன்.

அக்கா

பி.கு.: முப்பதாம் தேதிக்குள் இந்த வீட்டைக் காலி செய்தாக வேண்டும். அந்தப் பங்குப் பத்திரத்துக்குள் நாம் இரண்டு பேரும் குடியேற இடம் இருக்கிறதா என்று பார்த்து வை.