குப்பம்மா சண்டை போடவில்லை

என்னை அதட்டுவதற்கென்றே பிறந்து வந்த என் பிலோமினாவுக்கு,

சங்கப் பத்திரிகையில் என் பக்கம் கொஞ்ச நாளாகக் காலியாகவே போகிறது. "வீட்டு மேலதிகாரி" என்று தலைப்புப் போட்டு மாதாமாதம் உன்னைக் கிண்டல் செய்து எழுதினேனே, அந்தப் பக்கம்தான். இந்த மாதம் அதில் உனக்கே எழுதுகிறேன். துறைமுகத்துத் தோழர்கள் பக்கத்தில் நின்று கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும். உன் கதை அவர்களுக்குத் தெரியாததா?

கிரேன் ஓட்டுகிற எனக்கு எழுத்தாளன் என்று பெயர் வாங்கிக் கொடுத்தவள் நீ. வீட்டில் "சும்மா" இருக்கிற நீ ஒரு நாளில் செய்வதைப் பார்த்து எழுதியதைத் தவிர நான் வேறொன்றும் செய்யவில்லை. விடியுமுன் தெருக் குழாயடியில் நீ போக்குவரத்துப் போலீஸ். உன் கை அசையாமல் ஒரு குடம் நகராது. துணி காயப் போடுமுன் வாசலில் நின்று மூக்கைத் தூக்கிக் காற்றை மோந்து பார்ப்பாய். ஹார்பர் பக்கத்துக் காற்றென்றால் கரித்தூள் வரும், வெள்ளைத் துணி வெளியே வராது. ரேடியோவில் சொல்லும் வானிலை தப்பினாலும் பிலோமினாவின் மூக்கு தப்பாது என்று எழுதினேன். சாயங்காலம் ஜெபமாலை சொல்லிக்கொண்டே பால் பொங்குவதற்கு ஒரு கூச்சல், சின்னவள் ரீட்டா மூக்கை நோண்டுவதற்கு ஒரு கூச்சல் போடுவாய். பிறகு விட்ட இடத்திலிருந்து மாதாவிடம் போவாய். மாதாவும் காத்திருப்பாள், வேறு வழி?

நீ ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை. பத்திரிகை வந்ததும் என்னை உட்காரவைத்துப் படிக்கச் சொல்வாய். "யோவ், நா எங்க அப்டி சொன்னேன்? இன்னும் நல்லா இல்ல திட்டுனேன்! எழுதுனா ஒழுங்கா எழுது" என்பாய்.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தது மீன்காரி குப்பம்மாவோடு நீ போடும் சண்டையைப் படித்துத்தான். காசிமேட்டிலிருந்து அவள் கூடையைச் சுமந்து வந்து வாசலில் இறக்கியதும் நீ ஒரு மீனைத் தூக்கிச் செவுளை விரித்துப் பார்ப்பாய்.

"இன்னாடி இது, பொறக்கும்போதே செத்துப் பொறந்த மீனா?"

"வாங்குனா வாங்கு. மீனுக்கு ஜாதகம் பாக்காத!"

தெருவே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கும். சண்டை முடிந்ததும் இரண்டு பேரும் வெற்றிலை மடித்துப் போட்டுக்கொண்டு, அவரவர் மாமியாரைத் திட்ட உட்கார்ந்துவிடுவீர்கள்.

அன்றைக்குக் காலையில் வயிறு வலிக்கிறது என்றாய். ஓமத்தண்ணீர் குடித்தாய். ஆஸ்பத்திரிக்கு வா என்று கூப்பிட்டேன். "துணி ஊற வச்சிகீறேன். தோச்சிட்டு அப்பாலிக்கா பாக்கலாம். நீ ஷிப்டுக்குக் கெளம்பு" என்றாய். கிளம்பிவிட்டேன். திரும்பி வந்தபோது சோறு வடித்து, குழம்பு இறக்கி மூடியிருந்தது. நீ அடுப்பங்கரையில் சுருண்டு கிடந்தாய். குடல்வால் வெடித்து உள்ளே சீழ் பரவிவிட்டது, முன்னாலேயே கொண்டுவந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர்.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தால் மூத்தவள் ஸ்டெல்லாவைக் காணோம். பின்பக்கம் போய்ப் பார்த்தேன். நீ வாளியில் ஊற வைத்துவிட்டுப் போன துணியைத் துவைத்துக்கொண்டிருந்தாள். அது நாற்றமெடுத்துப் போயிருந்தது. அதில் உன் சேலையும் இருந்தது. அவள் அழவில்லை. அழுத்தித் தேய்த்துத் தேய்த்துத் துவைத்தாள். நான் உள்ளே வந்துவிட்டேன்.

மறுநாளிலிருந்து அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. யாரும் நிறுத்தவில்லை, தானாகவே நின்றுவிட்டாள். விடியுமுன் குழாயடி, பிறகு அடுப்பு, ரீட்டாவுக்குத் தலைவாரி அனுப்புவது, அரிசியில் கல் பொறுக்குவது. காற்றைக்கூட மோந்து பார்க்கிறாள். உன் நாள் முழுவதையும் அப்படியே எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். வேளாவேளைக்குச் சோறு வந்தது, நானும் சாப்பிட்டேன்.

எண்ணூரிலிருந்து என் அக்கா வந்தாள். "டேய் அந்தோணி, பொட்டப்புள்ள படிச்சி இன்னா கலெக்டராவா ஆவப்போறா? வூட்டுக்கு ஒரு பொம்பள வோணும். அவ இருக்கட்டும். இல்லாங்காட்டி நீ இன்னொருத்திய கட்டிக்கினு வா" என்றாள். உன்னிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது, பிலோ. பழக்கம்.

பள்ளிக்கூடத்திலிருந்தும் தலைமை சிஸ்டர் ஆள் அனுப்பினார். வருகிற திங்கட்கிழமை ஸ்டெல்லா வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்களாம். அடுத்த வருடம் எஸ்.எஸ்.எல்.சி. எழுத வேண்டிய பிள்ளை. பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். எனக்கே தெரியவில்லை, எதைப் பார்ப்பது என்று.

அந்த வாரம்தான் பத்திரிகையைப் பார்த்துக்கொள்ளும் நம் கன்னியப்பன் என்னைப் பிடித்தான். "மாமு, உன் பக்கம் காலியா போய்கினு கீது. இப்ப உன் பொண்ணுதான வூட்ட பாத்துக்குது? அத வச்சி ஒண்ணு எழுதேன். நம்ம ஆளுங்க சிரிச்சி நாளாச்சிப்பா." நல்ல மனதோடுதான் சொன்னான். எழுதினால் எனக்கும் ஆறுதலாக இருக்குமென்று நினைத்திருப்பான். எனக்கும் சரியென்றுதான் பட்டது.

மறுநாள் காலை ஜன்னலோரம் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தேன். "பழைய மேலதிகாரி மேலே போய்விட்டார், புதிய மேலதிகாரி பொறுப்பேற்றுவிட்டார்" என்று ஆரம்பித்திருந்தேன். குப்பம்மா வந்து கூடையை இறக்கினாள். ஸ்டெல்லா வெளியே போய் உன்னைப் போலவே இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒரு மீனைத் தூக்கிச் செவுளை விரித்தாள்.

"இன்னா இது, பொறக்கும்போதே செத்துப் பொறந்த மீனா?"

அந்தச் சின்னக் குரலில் அதைக் கேட்கவே என்னவோபோல் இருந்தது. குப்பம்மா திட்டவில்லை. "எடுத்துக்க கண்ணு. எவ்ளோ வோணுமோ எடுத்துக்க" என்றாள்.

"வெல சொல்லு."

"நீ குடுக்கறத குடு தாயி."

ஸ்டெல்லாவின் முகம் கோணிப்போயிற்று. "எங்கம்மாவாண்ட மட்டும் அப்டி சண்ட போட்ட? என்னாண்ட ஏன் போட மாட்டேன்ற? போடு!" என்று கத்தினாள். குப்பம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கூடையை அங்கேயே விட்டுவிட்டுத் தெருமுனைக்குப் போய் நின்றாள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள்.

எழுதிய தாளைக் கசக்கி எறிந்தேன். உன்னை எழுதியபோது சிரிப்பு வந்ததென்றால், அது நீ என்னைவிடப் பெரிய வாய்க்காரி என்பதால். நான் ஒன்று எழுதினால் ஒன்பது திருப்பிக் கொடுப்பாய். இவள் தாவணி போட ஆரம்பித்த பிள்ளை. இவளை அடுப்பங்கரையில் நிற்கவைத்து நான் வேடிக்கையாக எழுதி, துறைமுகமே படித்துச் சிரித்துவிட்டால், இதுதான் இவள் பிழைப்பு என்று ஊரறிய நானே எழுதிக் கொடுத்தது போலாகிவிடும். இவள் இன்னும் குழந்தை என்று மீன் விற்கிறவளுக்கு உறைத்தது, பெற்றவனுக்கு உறைக்கவில்லையே என்று என் மேலேயே எரிச்சல் வந்தது.

கன்னியப்பனைப் பிடித்து, மத்தியான ஷிப்டையே எனக்கு நிரந்தரமாக வாங்கித் தரச் சொன்னேன். காரணம் கேட்டான், சொன்னேன். அலைந்து திரிந்து வாங்கிக் கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் ஸ்டெல்லாவைக் கூப்பிட்டேன்.

"நாளைக்கி ஸ்கூலுக்குப் போ."

"நா போனா வூட்ட யாரு பாப்பா?"

"நான் பாத்துக்கறேன். காலைல வூட்லதான கீறேன்? ஆக்கி வச்சிட்டுத்தான் கெளம்புவேன்."

"உனுக்கு இன்னா தெரியும்? ஒல வைக்கத் தெரியுமா?"

"கத்துக்கறேன்."

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அம்மா செய்றதெல்லாம் நா செய்யசொல்ல, அம்மா வூட்லயே கீற மாரி கீது நைனா. வுட்டுட்டேன்னா போய்டும்."

இப்படி ஒன்று அவள் மனதுக்குள் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை, பிலோ. நீ இருந்திருந்தால் முதல் நாளே கண்டுபிடித்திருப்பாய். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"மொத்த அம்மாவையும் நீயே வச்சிக்கினா, நா யாராண்ட போறது? எனக்கும் கொஞ்சம் குடும்மா."

அப்போதுதான் அழுதாள். நீ போனதிலிருந்து முதல்முறையாக, வாய்விட்டு, உன் பெயரைச் சொல்லி. ரீட்டா பயந்துபோய் அவள் காலைக் கட்டிக்கொண்டாள். நானும் அழுதேன். தடுக்க ஆளில்லை.

திங்கட்கிழமை அக்காவும் தங்கையும் கைகோத்துக்கொண்டு போனார்கள். என் சோறு குழைகிறது, குழம்பில் உப்பு நிலையில்லை. குழாயடியில் என்னைக் கண்டதும் பெண்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும், நான் எத்தனை பேரைச் சிரிக்கவைத்திருக்கிறேன்.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். பிள்ளைகள் போன பிறகு, வேலையெல்லாம் ஓய்ந்து, ஷிப்டுக்குக் கிளம்புமுன் வீட்டில் ஒரு அமைதி வருகிறது. நான் எழுதிய எதிலும் அது இல்லை. எழுதுமளவுக்கு அது எனக்குத் தெரியாது. நீ பேசினால் தெருவுக்கே கேட்கும். அந்த நேரத்தில் நீ யாரோடு பேசிக்கொண்டிருந்தாய்? உனக்கு வலித்தது அந்த ஒரு நாள்தானா, இல்லை முன்னாலிருந்தேவா? சொல்ல நான் வீட்டில் இருந்ததில்லை, அப்படித்தானே?

அக்கா வந்து அழுதாலும், ஊரே வந்து புத்தி சொன்னாலும், ஸ்டெல்லாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்த மாட்டேன். இது சத்தியம். அவள் படிக்கிற மும்முரத்தில் உன்னைக் கொஞ்சம் கொஞ்சமாக மறக்கவும் செய்வாள். மறக்கட்டும் பிலோ, அவள் சின்னப் பிள்ளை. மறக்காமல் இருக்கிற வேலையை அவளிடமிருந்து நான் வாங்கிக்கொண்டேன்.

உன் பிள்ளைகளின் நைனா,
உன் வீட்டுக்காரன்
அந்தோணி